முனிக்குப் பதினேழு பற்கள்

முனிக்கு நான் பதினேழு பற்கள் வரைந்தேன். மேலே ஒன்பது, கீழே எட்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். வாயைத் திறக்கும்போது அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியவேண்டும் என்று அந்த மூன்று விநாடிக் காட்சிக்கு மட்டும் ஒன்றரை வாரம் செலவழித்தேன். பல் வரைவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. கொழும்பில் நான் வேலை செய்யும் இடத்தில் விளம்பரங்களுக்குக் கார்ட்டூன் செய்கிறோம். பற்பசை விளம்பரத்தில் பச்சையாகத் துள்ளிக் குதித்து, கடைசியில் நுரையில் அடித்துக்கொண்டு போகும் கிருமி என் கைவேலைதான். ஆறு வருடமாக அதே கிருமி. வாலை நீட்டு, கண்ணைச் சிவப்பாக்கு, இன்னும் கொஞ்சம் கெட்டவனாகக் காட்டு என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அதனால் கெட்டவனை வரையச் சொன்னால் என் கை யாரையும் கேட்காமல் ஓடும்.

என் முதல் சொந்தப் படத்தில் வந்த முனி, உண்மையைச் சொன்னால், அந்தக் கிருமிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அப்போது அது எனக்குத் தெரியவில்லை. நாட்டார் மரபைக் கையாள்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படம் பதினொரு நிமிடம். அது என் அக்காவைப் பற்றியது.

அக்கா மஸ்கெலியாவுக்கு மேலே, நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்திலேயே கொழுந்து எடுக்கிறாள். அவள் கணவர், என் மச்சான், அதே தோட்டத்துத் தொழிற்சாலையில் இருக்கிறார். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டு, படிக்க வைத்து, வரைகிறேன் என்று சொன்னபோது சிரிக்காமல் கேட்டுக்கொண்டவள் அவள் ஒருத்திதான். இந்தப் பெண்ணுக்கு மூன்று வருடத்துக்கு முன் மனசு உடைந்துபோனது.

முதலில் கவனித்தவர்கள், அவளோடு வேலை செய்த பெண்கள். காலையில் மலையில் இறங்கி, முதல் பிடிக் கொழுந்தைக் கூடையில் போடும்போது 'பொலியோ பொலி' என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் எங்கள் பெண்கள் வேலையைத் தொடங்குவார்கள். கூடை பெருகவேண்டும் என்பதற்காக. அந்த வரிசையில் எப்போதும் உரத்துக் கேட்பது அக்காவின் குரல்தான். ஒரு நாள் அது கேட்கவில்லை. தொண்டை கட்டியிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். மறுநாளும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. பிறகு அவள் தலை சீவுவது நின்றது. பிறகு வேலைக்கு ஆள் எண்ணும் காலைப் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போவது ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆயிற்று. போகாத நாட்களில் லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தரையில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். இதையெல்லாம் மச்சான் போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கொழும்பில் கிருமிக்கு வால் வரைந்துகொண்டிருந்தேன்.

எல்லோரும் காரணம் தேடினார்கள். மச்சான் குடிக்கிறவர் இல்லை. பிள்ளை நன்றாகப் படிக்கிறாள். மாமியார் தொல்லையும் கிடையாது. காரணம் கிடைக்காததால் குறி சொல்லும் கோடாங்கியைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து உடுக்கை அடித்துச் சொன்னார்: ஏழாம் நம்பர் தேயிலை மலையில் ஒரு கல்லில் முனி இருக்கிறது, அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் இவள் உச்சி நேரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், அதுதான் அடித்துவிட்டது. சேவல், சாராயம், சுருட்டு, எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. அக்கா அப்படியேதான் இருந்தாள். நான் மச்சானைப் போனில் கிழி கிழியென்று கிழித்தேன். இந்தக் காலத்திலும் இப்படியா, உங்களுக்கெல்லாம் அறிவில்லையா என்று கேட்டேன். அவர் பாவம், 'வேற என்னா செய்யிறதுன்னு தெரியல பாப்பா' என்றார். நீயாவது வந்து பாரேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கடைசியில் கண்டுபிடித்தது, கர்ப்பிணிகளைப் பார்க்கத் தோட்டத்துக்கு வரும் மருத்துவமாது. வேறு வீட்டுக்கு வந்தவர் அக்காவைக் கட்டில் ஓரத்தில் பார்த்துவிட்டு, மச்சானிடம் இரண்டே கேள்வி கேட்டு, அரசாங்க ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே டொக்டர் சிங்களவர். தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் மிஸ் மொழிபெயர்க்கத் தயாராக நின்றாராம். ஆனால் அக்கா நேராகச் சிங்களத்திலேயே 'ஹித்த ஹரி நே' என்று சொல்லிவிட்டாள். மனசு சரியில்லை என்று. தமிழில் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லையாம். சிங்களத்தில் சொன்னபோது அது பக்கத்து வீட்டுக்காரியின் நோய் மாதிரி இருந்ததாம், அதனால் சொல்ல முடிந்ததாம். மாத்திரை தொடங்கி, ஒரு வருடத்தில் மெல்ல எழுந்து நடமாடத் தொடங்கினாள்.

இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் எனக்கு அந்தப் பயிற்சிப் பட்டறை கிடைத்தது. மனநலத்தைப் பற்றிக் குறும்படம் எடுக்க விரும்புகிறவர்களை ஓர் அமைப்பு தேடிக்கொண்டிருந்தது. பயிற்சி தந்தவர் நல்ல மனிதர், அழகாகப் பேசுவார். மனசுக்குள் நடப்பதைக் கமெராவால் பிடிக்க முடியாது, கோடுதான் அங்கே போக முடியும் என்றார். உங்கள் ஊரின் பேய்களும் சாமிகளும் மலைகளும் பனியும் ஏற்கெனவே மனசைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கின்றன, அவற்றிடமிருந்து எடுங்கள் என்றார். இன்றைக்கும் நான் அதை மறுக்கமாட்டேன். தப்பு அவர் சொன்னதில் இல்லை, நான் எடுத்த விதத்தில் இருந்தது.

நான் என்ன செய்தேன் என்றால், ஒரு வாய்ப்பாடு போட்டேன். மலையில் இறங்கும் பனிமூட்டம் துக்கம். முனி நோய். மஸ்கெலியா நீர்த்தேக்கம் நிம்மதி. ஒரு பெண் தேயிலைக்குள் நிற்கிறாள், மூட்டம் கறுப்பாக இறங்குகிறது, அதற்குள்ளிருந்து முனி வந்து பதினேழு பல்லையும் காட்டி அவளை விழுங்குகிறது. அவள் அதன் வயிற்றுக்குள் கொஞ்ச காலம் கிடக்கிறாள். பிறகு வெளிச்சம் வருகிறது. மூட்டம் விலகுகிறது. கீழே தண்ணீர் வெயிலில் தகதகவென்று மின்னுகிறது. அவள் அதைப் பார்த்துப் புன்னகைக்கிறாள். புல்லாங்குழல். முடிந்தது.

அக்காவிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. படிவத்தில் 'கற்பனைக் கதை' என்று எழுதினேன். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

முதல் வரைவைக் கொழும்பில் ஒரு சின்ன மண்டபத்தில் போட்டுக் காட்டினோம். ஆட்கள் அழுதார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் வாய் தவறி, இது என் சொந்த அக்காவின் கதை என்று சொல்லிவிட்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் உடனே கேட்டார்: உங்கள் அக்கா பார்த்துவிட்டாரா? பார்த்துவிட்டாள், பார்த்து ரொம்பச் சந்தோஷப்பட்டாள் என்றேன். கண்ணிமைக்காமல் சொன்னேன். அப்படியென்றால் அவரிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அது இல்லாமல் படத்தை வெளியே விட முடியாது என்றார்கள் அமைப்பில் இருந்தவர்கள்.

இப்படித்தான், ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காக, கடிதத்தையும் லெப்டொப்பையும் பையில் போட்டுக்கொண்டு ஹட்டன் பஸ் ஏறினேன். அவள் மறுத்துவிட்டால் படம் போச்சு. அதைவிட, அவள் என்னைப் பார்த்து, நான் இப்படித்தானா உனக்குத் தெரிந்தேன் என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று வழியெல்லாம் பதில் தேடிக்கொண்டே போனேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மச்சானும் மகளும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அரிசி வாளியின் மூடிமேல் லெப்டொப்பை வைத்து, அக்காவை எதிரில் உட்கார வைத்தேன். நான் எடுத்த படம், பார்த்துச் சொல்லு என்றேன். அவளைப் பற்றியது என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அவளுடைய மூக்குத்தியை அப்படியே வரைந்திருந்தேன்.

இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். முனி வந்து வாயைத் திறந்தபோது நெற்றியைச் சுருக்கினாள். கடைசியில் தண்ணீர் மின்னும் காட்சியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நெகிழ்ந்துவிட்டாள், கண்ணீரை மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மண்டபத்தில் எல்லோரும் அழுத இடமும் அதுதான். படம் முடிந்ததும் எழுந்துபோய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். பையிலிருந்த கடிதத்தை எடுக்கலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சொன்னாள். நாளைக்கு எனக்கு ஏழாம் நம்பர் மலையில்தான் வேலை, பகல் சாப்பாட்டு நேரத்துக்கு அங்கே வந்துவிடு என்று.

திங்கட்கிழமை வெயில் நன்றாக அடித்தது. ஏழாம் நம்பருக்கு ஏறிப் போவதற்குள் கொழும்பு உடம்பு என்னை நாலு இடத்தில் நிறுத்தியது. பெண்களெல்லாம் கீழே ரோட்டோரத்தில், கொழுந்து நிறுக்கும் இடத்தில் கும்பலாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, அக்காவுக்கு அடுத்த வரிசையில் எடுக்கிறவள், என்னை நிறுத்தி விசாரித்தாள். இப்போது நல்லா இருக்கா, சில நாள் அவளே பொலி சொல்லிவிடுகிறாள், சொல்ல முடியாத நாளில் நான் ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவேன் என்றாள். அக்கா மேலே இருக்கிறாள் என்று கையைக் காட்டினாள். காட்டியவள் அந்தப் பக்கம் வருவதாக இல்லை.

முனியின் இடம் என்றால் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு வாகை மரம், முழங்கால் உயரத்தில் ஒரு கறுத்த கல், துருப்பிடித்த சூலம், காய்ந்த எலுமிச்சம்பழம். சின்ன வயதில் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டோம். ராத்திரியில் குதிரையில் போவார், சுருட்டு வாடை வரும், எதிரில் போனால் ரத்தம் கக்க வேண்டியதுதான் என்று பயமுறுத்தியே எங்களை வளர்த்தார்கள். அக்கா அந்தக் கல்லில் முதுகு சாய்த்து உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதி ரொட்டி கல்லுக்கு முன்னால் இருந்தது.

"பாப்பா, ஐயாவுக்கு ஏன் அம்புட்டுப் பல்லு வச்ச?" என்றாள்.

நான் விளக்கத் தொடங்கினேன். அது முனி இல்லை அக்கா, அது நோய், நோயைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஓர் உருவமாகக் காட்டுகிறோம் என்று பட்டறையில் கேட்டதையெல்லாம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நோயக் காட்டணும்னா நோயக் காட்டு. இவரு என்னா செஞ்சாரு?"

பிறகு, சாப்பிட்டுக்கொண்டே, அந்த நாட்களைப் பற்றிச் சொன்னாள். அதுவரை அவள் என்னிடம் சொல்லாதது அது. நானும் கேட்காதது. அப்போது எல்லோரும் அவளிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனால் அங்கே கேள்வி. பெரட்டில் கேள்வி. ஏன் சாப்பிடவில்லை, யார் என்ன சொன்னார்கள், வீட்டில் சண்டையா. மச்சான் கேட்டார், மகள் கேட்டாள், நான் போனில் கேட்டேன். சொன்னால்தானே தெரியும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கே தெரியாததை அவள் எப்படிச் சொல்வாள்? ஊர் முழுக்கப் பயந்து ஒதுங்கிய ஒரே இடம் இதுதான். அதனால் பகல் நேரத்தில் இங்கே வந்து உட்கார்ந்துவிடுவாளாம். ஒரு ரொட்டியைப் பிய்த்துப் பாதியைக் கல்லுக்கு வைப்பாள். மீதிப் பாதியை, வைத்த பாவத்துக்காக அவளும் சாப்பிட்டாக வேண்டும். பல நாள் உள்ளே போன சாப்பாடே அதுதானாம்.

"இவரு ஒருத்தருதான் என்னைய ஒன்னுமே கேக்கல" என்றாள்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கோடாங்கி உடுக்கை அடித்துச் சொன்ன அதே கதையைத்தான் நான் கம்ப்யூட்டரில் வரைந்து சொல்லியிருக்கிறேன். பெண் தனியாக உட்கார்ந்தாள், முனி பிடித்தது. மச்சானுக்கு அறிவில்லை என்று கத்திய எனக்கு மட்டும் என்ன கிழிந்தது? கோடாங்கியாவது வீடு தேடி வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். நான் கொழும்பில் இருந்தபடியே சொன்னேன்.

அக்கா கை கழுவிக்கொண்டு அடுத்ததற்கு வந்தாள்.

"மூட்டத்த வேற அப்புடிக் கறுப்பா போட்டிருக்க. மூட்டம் எறங்குனா எனக்கு நிம்மதி பாப்பா. மூஞ்சிய யாரும் பாக்க முடியாது. வெயிலடிச்ச நாளுதான் கஷ்டம். டேம் தண்ணி பளபளன்னு தெரியும். கூப்புடுற மாதிரியே இருக்கும். அதுக்குத்தான் இந்தப் பக்கமா திரும்பி ஒக்காருவேன்."

அப்போதுதான் கவனித்தேன். அவள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து பார்த்தால் மேல் மலையும் தேயிலையும்தான் தெரிந்தன. நான் எழுந்து கல்லைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனேன். கீழே நீர்த்தேக்கம் முழுவதும் கிடந்தது. வெயிலில் தகதகவென்று, நான் வரைந்தபடியே. என் படத்தின் கடைசி நாற்பது விநாடி அதுதான். அந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான் அவளைப் புன்னகைக்க வைத்திருந்தேன். திரும்பி வந்து அவள் பக்கத்தில், கல்லுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டேன். இத்தனை காலம் நாங்கள் பேய் என்று ஒதுங்கிய கல், அவளுக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவில் நின்றிருக்கிறது.

நான் அழுதேன். அக்கா அழவில்லை. நான் ஓயும்வரை பார்த்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தப் படத்துல நீ எங்க இருக்க?"

நான்தானே அக்கா அதை எடுத்தேன் என்றேன். அது எனக்குத் தெரியாதா, அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய் என்று கேட்கிறேன் என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"ஒரு நாளு இதே மாதிரி நல்ல வெயிலு. இங்கன ஒக்காந்து ஒனக்கு நாலு தரம் போன் அடிச்சேன்."

எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மறந்துவிட்டேன் என்று அதுவரை என்னையே நம்ப வைத்திருந்தேன். அதற்கு முன்னும் சில தடவை போனில் கூப்பிட்டிருக்கிறாள். கூப்பிட்டால் பேசமாட்டாள். மூச்சு மட்டும் கேட்கும். நான் அக்கா, அக்கா என்பேன், என்ன ஆச்சு என்பேன், பதில் வராது. பத்து நிமிடம் அப்படியே போகும். வைத்த பிறகு அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரு கோடு நேராக விழாது. ஆகவே அன்று மேசையில் போன் அதிர்ந்தபோது, திரையில் அவள் பெயரைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தேன். வேலை அவசரம் என்று சொல்லிக்கொண்டேன். மறுபடி அதிர்ந்தது. மறுபடி. நாலு தரம். நான் கிருமியின் வாலை வரைந்து முடித்தேன்.

அவளிடம் இதை அப்படியே சொன்னேன். பயமாக இருந்தது அக்கா, உன் மூச்சைக் கேட்கப் பயமாக இருந்தது என்றேன்.

"நீ பேசணும்னுகூட இல்ல. அங்குட்டு யாராச்சும் பேசுற சத்தம் கேட்டாப் போதும்னு இருந்துச்சு" என்றாள்.

பிறகு என்ன செய்தாய் என்று கேட்டேன். பிறகு என்ன, கொழுந்து நிறுக்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன் என்றாள். கீழே பெண்கள் எழுந்து கூடைகளை மாட்டத் தொடங்கியிருந்தார்கள். அவளும் எழுந்தாள். கடிதத்தைக் கொண்டுவந்திருக்கிறாயாமே, மச்சான் பையில் பார்த்தாராம் என்றாள். ஆமாம் என்றேன். படத்தை மாத்திக்கொண்டு வா, பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மண்டபத்தில் கேட்டவர்களிடம் போய், அக்கா அப்போது படத்தைப் பார்த்திருக்கவில்லை, நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். அவமானமாகத்தான் இருந்தது. படத்தைத் திரும்பச் செய்ய எட்டு மாதம் பிடித்தது. பதினேழு பல்லையும் அழித்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்ததையும் மறைக்கக்கூடாது. நல்ல பற்கள் அவை. முனி இப்போது வெறும் கல். பதினொரு நிமிடத்தில் ஒரு தடவைகூட அசையாது. வெயில் நகரும், ரொட்டித் துண்டை நாய் கவ்விக்கொண்டு போகும், கல் கிடந்த இடத்தில் கிடக்கும். எல்லாவற்றையும் ஆட வைத்தே பிழைப்பு நடத்தும் எனக்கு, ஒன்றை ஆடாமல் விடுவது அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று தெரியாது. மூட்டத்தை வெள்ளையாக்கினேன். அது வந்து அவள் முகத்தை மூடுகிறது, அவள் தோள் தளர்கிறது, அவ்வளவுதான். டேம் தண்ணீரை எங்குமே காட்டவில்லை.

அப்படியானால் நோய் எப்படி இருக்கும்? அதையும் அவளிடமே கேட்டேன். இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை பேசிக்கொள்கிறோம். சில நாள் பேசாமலும் இருப்போம், இரண்டு பக்கமும் போனைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் சமைப்பாள், நான் வரைவேன். யோசித்துவிட்டுச் சொன்னாள், கூடையில் ஒன்றுமே இருக்காது, ஆனால் பாரம் தாங்காது, கயிறு மண்டையை அறுக்கும் என்று. அதை அப்படியே வரைந்தேன். காலிக் கூடை, நெற்றியில் அழுந்தும் கயிறு, வளையும் கழுத்து. அமைப்பில் இருந்தவர்கள் பார்த்துவிட்டு முந்தியது இன்னும் வேகமாக இருந்ததே என்றார்கள். நோய் எங்கே என்று ஒருவர் கேட்டார். கூடைக்குள் இருக்கிறது என்றேன். காலியாக அல்லவா இருக்கிறது என்றார். ஆமாம் என்றேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வரவில்லை, அதனால் வந்தவளிடம் கேட்டு வரைந்தேன், அதற்குமேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

கடைசியாக என்னை வரைந்தேன். ஒரு மேசை, ஒரு கை, திரையில் பச்சைக் கிருமி, பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும் போன். அது அதிர்ந்து அதிர்ந்து மேசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. நாலு தரம். கை வரைந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கைக்கு என் மோதிரத்தையும் போட்டேன்.

மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே அரிசி வாளி. இந்த முறை மச்சானும் மகளும்கூட உட்கார்ந்தார்கள். கல் வந்தபோது அக்கா லேசாகத் தலையாட்டினாள். மூட்டம் இறங்கியபோது அவள் தோளும் தளர்ந்ததைப் பார்த்தேன். மேசை வந்தது. போன் அதிர்ந்தது. மச்சான் என்னைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு அந்த விஷயம் அன்றுவரை தெரியாது. நாலாவது தரமும் அதிர்ந்து ஓய்ந்தது. படம் கட்டில் ஓரத்தில் முடிகிறது. அவள் ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் தண்ணீர்க் கோப்பை, விடிகிறது. மகள் எழுந்துபோய் அம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"போன எடுக்கவே இல்லயே" என்றாள் அக்கா.

"எடுக்கலக்கா."

"படத்துலயாச்சும் எடுத்திருக்கலாம்ல."

மாற்றிவிடுகிறேன் அக்கா, இரண்டு நாள் வேலைதான், கை போனைத் திருப்பி எடுத்துக் காதில் வைக்கிற மாதிரி வரைந்துவிடுகிறேன் என்றேன். உண்மையில் எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. எட்டு மாதமும் அதைத்தான் வரைய ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் மகளின் தலையைக் கோதினாள்.

"வேணாம் பாப்பா. எடுக்கலதானே. அப்புடியே இருக்கட்டும்" என்றாள்.

பிறகு மச்சானிடம் பேனா கேட்டு வாங்கி, லெப்டொப் மூடியின்மேல் கடிதத்தை வைத்துத் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.